கத்திக்கு ஓர் உறை

கத்தி வெட்டும்போது கையில் இருக்கிறது. வெட்டாதபோது எங்கே இருக்கிறது?

சிலர் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். சிலர் கூடைக்குள் போடுகிறார்கள். சிலர் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் என்றால் கூரை இடுக்கில் செருகுகிறார்கள். குழந்தையின் கைக்கு எட்டாது என்ற நம்பிக்கை. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது மறந்துபோகிறது.

வெட்டும்போது கண் கத்தியின் மேல் இருக்கும். வெட்டி முடித்ததும் கண் வேறு பக்கம் போய்விடும். மூட்டையைத் தூக்க வேண்டும். வரப்பில் இறங்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கத்திக்கு உறை வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. இந்தியாவில் கத்தி வைத்துப் பிழைக்கும் மக்கள் எல்லோரும் ஏதாவது ஓர் உறையைச் செய்து வைத்திருக்கிறார்கள். பனை ஏறும் தொழிலாளி இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டுகிறார். கூர்க்கா மக்களின் குக்ரி கத்திக்கு மரத்தால் உறை செய்து, அதன்மேல் தோல் போர்த்துகிறார்கள். அந்த உறையிலேயே இன்னும் இரண்டு சின்னக் கருவிகளுக்கும் இடம் உண்டு. சீக்கியர்களின் கிர்பானும் உறையோடுதான் இருக்கும். சந்தையில் வாங்கும் காய்கறிக் கத்திக்குத்தான் உறை இல்லை.

ஓர் உறையை வீட்டிலேயே தைக்கலாம். ஒரு துண்டுத் தோல், நூல், இரண்டு ஊசி, இரண்டு மாலை நேரம் போதும். காய்வதற்கு மட்டும் சில நாள் கூடுதலாக விட வேண்டும்.

வட்டவடையில் ஒரு வீடு

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. அங்கே மூணாறுக்கு அப்பால் மலைமேல் வட்டவடை என்ற ஊர் இருக்கிறது. தமிழ் பேசும் மக்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மலைச்சரிவில் படிபடியாக நிலத்தை வெட்டி, காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு பயிர் செய்கிறார்கள். வட்டவடைப் பூண்டும் பக்கத்து ஊரான காந்தலூர்ப் பூண்டும் பெயர் பெற்றவை.

முட்டைக்கோஸ் அறுக்கக் கத்தி வேண்டும். ஒரு கையால் கோஸைச் சாய்த்துப் பிடிப்பார்கள். மறு கையால் அடித்தண்டை வெட்டுவார்கள். நாலு கோஸ் அறுத்ததும் சாக்கைத் தூக்கி அடுத்த படிக்கு ஏற வேண்டும். மழைக்காலத்தில் படி வழுக்கும்.

அந்த மாதிரி ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மாவின் வீட்டைப் பாருங்கள். வீட்டில் அவர், மகன், மருமகள், ஒரு பேத்தி. மாமியாருக்கு இடக்கைப் பழக்கம். அவருடைய கத்திக்கு மகன் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பை கிழிந்து கிடந்தது. அதில் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஓரத்தில் சாதாரண நூலால் தைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் மாமியார் படியில் வழுக்கி உட்கார்ந்தார். கத்தி உறைக்குள்தான் இருந்தது. ஆனால் உறையின் தையல் ஏற்கெனவே உள்ளுக்குள் அறுந்திருந்தது. கத்தி பக்கவாட்டில் வெளியே வந்து தொடையைக் கிழித்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து ஆள் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மருமகள் தடுத்துவிட்டார். சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணீரில் காயத்தைக் கழுவினார். துவைத்த துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தார். ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏழு தையல் போட்டார்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டார்கள்.

டெட்டனஸ் என்பது ரணஜன்னி. துருப்பிடித்த கத்தி பட்டால்தான் அது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. பளபளப்பான கத்தி வெட்டினாலும் காயத்தில் மண் பட்டால் ஆபத்துதான். காப்பித்தூளோ சுண்ணாம்போ வைத்தால் அழுக்கு இன்னும் சேரும். அவ்வளவுதான்.

இருபது நாள் மாமியார் வேலைக்குப் போகவில்லை. இருபது நாள் கூலி போயிற்று.

நூலை அறுத்தது எது?

மருமகள் அந்த உறையைப் பிரித்துப் பார்த்தார். பை கிழியவில்லை. நூல்தான் அறுந்திருந்தது. அதுவும் ஒரே பக்கத்தில். கத்தியையும் உறையையும் எடுத்துக்கொண்டு மூணாறுக்குப் போனார். அங்கே கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. புதுசாத் தைச்ச உறை. ஒரே மாசத்துல அறுந்துபோச்சு."

பெரியவர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது தோலே இல்ல தாயி. ரெக்சின். ஓரத்தைப் பாரு, உள்ளே துணி தெரியுதா? சரி, அது போகட்டும். ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வை. கும்பிடுற மாதிரி."

மருமகள் கைகளைச் சேர்த்தார். பெரியவர் நடுவில் ஒரு மர ஸ்கேலைச் செருகினார்.

"இந்த ஸ்கேல்தான் கத்தின்னு வச்சுக்கோ. கூர்ப்பக்கம் எங்கே போய் நிக்குது?"

"ரெண்டு கையும் ஒட்டுற இடத்துல."

"அந்த இடத்துலதானே உன் வீட்டுக்காரர் தைச்சிருக்காரு? கத்தியை உள்ளே போடும்போது ஒரு தடவை நூலைத் தேய்க்கும். எடுக்கும்போது இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு நூறு தடவை போட்டு எடுத்தா நூல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

பிறகு அவர் ஒரு மெல்லிய தோல் பட்டையை எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஓரமாக வைத்தார். மறுபடியும் ஸ்கேலைச் செருகினார். இப்போது ஸ்கேல் பட்டையில் முட்டி நின்றது. கை ஒட்டும் இடத்துக்குப் போகவில்லை.

இதற்குத்தான் நடுப்பட்டை. உறையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இந்தப் பட்டை இருக்கும். நூல் பட்டைக்குள் ஓடும். கத்தியின் கூர் பட்டையின் விளிம்பில் தட்டி நிற்கும். நூலைத் தொடவே முடியாது. விலை உயர்ந்த உறையாக இருந்தாலும் நடுப்பட்டை இல்லாவிட்டால் அது ஒரு பைதான்.

எந்தத் தோல்?

தோல் இரண்டு வகையாகப் பதப்படுத்தப்படுகிறது.

ஒன்று, மரப்பட்டையாலும் காயாலும் பதப்படுத்துவது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டு வந்தன. வடக்கே கருவேலம் பட்டை. பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலுக்குள் இறங்கி, அதை அழுகாமல் காக்கிறது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் செய்யும் கோலாப்பூர்ச் செருப்பு இந்த வகைத் தோல்தான்.

இன்னொன்று, குரோமியம் என்ற உலோகத்தின் உப்பால் பதப்படுத்துவது. இந்த வேலை சீக்கிரம் முடியும். தோல் மெத்தென்று இருக்கும். இன்று உலகில் பதப்படுத்தும் தோலில் பெரும்பகுதி இதுதான். ஷூ, கைப்பை, சட்டை எல்லாம் பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள்.

கத்தி உறைக்கு முதல் வகை நல்லது. அது விறைப்பாக இருக்கும். தண்ணீரில் நனைத்து எப்படி அழுத்துகிறோமோ அப்படியே காய்ந்து நிற்கும். இரண்டாவது வகை துவண்டுபோகும். கத்தி முனை அதை எளிதாகக் குத்திவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. தோலின் வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதப்படுத்தியது. நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியத்தில் பதப்படுத்தியது. ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பார்க்கலாம். பட்டைத் தோல் தண்ணீரை உறிஞ்சி உடனே கறுக்கும்.

குரோமியத் தோலின் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

தடிமன் எவ்வளவு வேண்டும்? இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

பெரியவர் மூலையில் கிடந்த துண்டுகளைக் கிளறினார். செருப்பின் அடித்தோல் வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டு கிடைத்தது. மருமகள் தொட்டுப் பார்த்தார். அவருடைய மாமியார் வீட்டில் வயதானவர்கள் சிலர் தோல் துண்டை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். அவர்கள் காலில் இருக்கும் செருப்பு மட்டும் வாசல் வரை வரலாம்.

தோல் வேலையைக் கேவலம் என்று சொல்லி, அதைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே வைத்த நாடு இது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1910-ல் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அங்கே அவரும் உடன் இருந்தவர்களும் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். தன்னைச் சிறையில் போட்ட ஸ்மட்ஸ் என்ற தளபதிக்கு 1914-ல் ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்துவிட்டு அவர் கப்பல் ஏறினார். ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் அணிந்திருந்தார். காந்தியின் எழுபதாவது பிறந்த நாளின்போது, 1939-ல், அதைத் திருப்பி அனுப்பினார். தோல் வேலைக்குக் கை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பேப்பரில் முதலில்

"நேராத் தோலுல கத்திரிக்கோலை வைக்காதே," என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். "தப்பு பண்ணினா பேப்பர்ல பண்ணு."

மருமகள் பேத்தியின் பழைய நோட்டு அட்டையையும் ஒரு செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டார். கத்தியை அளந்தார். அளவுகளை எழுதினார்.

அலகின் நீளம் 15 செ.மீ.
அலகின் அகலம் 4 செ.மீ.

செய்தித்தாளை இரண்டாக மடித்தார். கத்தியின் முதுகு மடிப்பை ஒட்டி இருக்கும்படி வைத்தார். முனை கீழே, பிடி மேலே. பென்சிலால் கத்தியைச் சுற்றிக் கோடு போட்டார்.

இந்தக் கோட்டிலேயே வெட்டினால் கத்தி உள்ளே போகாது. எங்கெங்கே எவ்வளவு கூட விட வேண்டும்?

கூர்ப்பக்கம் 1.5 செ.மீ. இங்கேதான் நடுப்பட்டையும் தையலும் வரும். முனைக்குக் கீழே 1.5 செ.மீ. மேலே, பிடியை 3 செ.மீ. மூடும் அளவுக்கு. பிடியைக் கொஞ்சம் கவ்வினால்தான் கத்தி தானாக விழாது. இதற்குமேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை செ.மீ. சேர்க்க வேண்டும். பேப்பர் மெல்லியது, தோல் தடித்தது. தோல் மடியும்போது கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும்.

கூட்டிப் பார்த்தால்:

நீளம்: 15 + 3 + 1.5 = 19.5 செ.மீ.
ஒரு பக்கத்தின் அகலம்: 4 + 1.5 + 0.5 = 6 செ.மீ.
இரண்டு பக்கத்துக்கும்: 12 செ.மீ.

உங்கள் கத்தியின் அளவு வேறாக இருக்கும். கூட்ட வேண்டிய எண்கள் இவைதான். பிடி உருண்டையாகத் தடித்திருந்தால், வாய்ப்பக்கத்தில் மட்டும் இன்னும் 1 செ.மீ. அகலம் விடலாம்.

பேப்பரை வெட்டி, மடித்து, கத்தியை வைத்து மாமியாரின் இடுப்பில் பிடித்துப் பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. உறை இடுப்பில் தொங்க ஒரு வார் வேண்டும். அதை உடம்பை ஒட்டிய பக்கத்தில் தைக்க வேண்டும். மருமகள் தன் வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு பக்கத்தில் அடையாளம் போட்டிருந்தார்.

"நான் இடக்கைக்காரி இல்லையா?" என்றார் மாமியார். "எனக்கு இந்தப் பக்கம் தொங்கணும்."

"ஆமா அத்தை. கூர் பின்னால பார்த்து இருக்கணும். அப்போ வார் மறுபக்கத்துல வரணும்."

ரப்பரை எடுத்து அடையாளத்தை அழித்தார். தோலில் என்றால் அழிக்க முடியாது.

வெட்டுவதும் மடிப்பதும்

பேப்பர் அச்சைத் தோலின் சொரசொரப்பான பக்கத்தில் வைத்து, பேனாவால் கோடு போட வேண்டும். வழவழப்பான பக்கம் வெளியே வரும். கூரான கத்தியால், மரப்பலகைமேல் வைத்து, ஒரே கோட்டில் இரண்டு மூன்று தடவை இழுத்து வெட்ட வேண்டும். ஒரே தடவையில் அழுத்தினால் கத்தி நழுவும். தோலைப் பிடித்திருக்கும் கை, கத்தி போகும் வழிக்கு முன்னால் இருக்கக் கூடாது.

அதே தோலில் இன்னும் இரண்டு துண்டுகள் வெட்ட வேண்டும். ஒன்று நடுப்பட்டை. அகலம் 1.2 செ.மீ. உறையின் வெளி ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே இதுவும் வளைய வேண்டும். அதனால் அச்சின் ஓரத்தை வைத்துத்தான் இதற்கும் கோடு போட வேண்டும். நீளம் வாயிலிருந்து முனை வரை. முனையில் மட்டும் 4 மில்லிமீட்டர் குறைத்து விடலாம். அங்கே ஒரு சின்ன ஓட்டை விழும். உள்ளே போன மழைத்தண்ணீர் அந்த வழியாக வடியும்.

இன்னொன்று வார். 3 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளம். இதை இரண்டாக மடித்து, நுனிகளை உறையின் பின்பக்கத்தில் வாய்க்குப் பக்கத்தில் வைத்துத் தைக்க வேண்டும். உறையை மூடுவதற்கு முன்பே இதைத் தைத்துவிட வேண்டும். மூடிய பிறகு ஊசி உள்ளே போகாது. தையல் விழும் இடமும் முக்கியம். பிடி வந்து நிற்கும் அந்த 3 செ.மீ. இடத்தில், மடிப்பை ஒட்டி இருக்க வேண்டும். அங்கே கூர் உரசாது.

பிறகு மடிக்க வேண்டும். தடித்த தோலைக் காய்ந்தபடியே மடித்தால் வெடிக்கும். மடிப்புக் கோட்டில் மட்டும் ஈரத்துணியால் தேய்த்து ஊறவிட வேண்டும். மெல்ல மடித்து, மேலே ஒரு கனமான கல்லையோ அம்மிக் குழவியையோ வைத்து, ஓர் இரவு விட்டுவிடலாம்.

மறுநாள் தோல் காய்ந்த பிறகு நடுப்பட்டையை ஒட்ட வேண்டும். செருப்பு ஒட்டும் பசை போதும். இரண்டு பக்கத்திலும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். இந்தப் பசையின் நெடி தலை சுற்ற வைக்கும். எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் வைத்து ஒட்டக் கூடாது. திண்ணையில் காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். டப்பாவைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

பசை, தைக்கும்வரை துண்டுகள் நகராமல் இருப்பதற்குத்தான். தாங்குவது தையல்தான்.

இரண்டு ஊசித் தையல்

ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். வட்டவடை வீட்டில் இந்த வேலையைப் பேத்தி செய்தாள். ஸ்கேலை வைத்து 42 புள்ளி வைத்தாள்.

புள்ளிகளில் ஓட்டை போடக் குத்தூசி வேண்டும். குத்தூசி இல்லாவிட்டால் மெல்லிய ஆணியும் சுத்தியலும் போதும். மூன்று தோல் சேர்ந்து ஏறக்குறைய 1 செ.மீ. தடிமன் இருக்கும். ஊசி இதைத் தானாகத் துளைக்காது. கையால் அழுத்தினால் ஊசி உடைந்து விரலில் ஏறும். ஆணியை நேராக நிறுத்தி அடிக்க வேண்டும். சாய்ந்தால் பின்பக்கத்தில் தையல் கோணலாகப் போகும். சில இடங்களில் நடுப்பட்டையை விட்டுத் தள்ளியும் போய்விடும். அப்படிப் போனால் பட்டை வைத்தும் பயன் இல்லை. கூர் அந்த இடத்து நூலைத் தேடிப் பிடித்துவிடும்.

நூல் 2 மீட்டர். தடித்த நைலான் நூல் நல்லது. பருத்தி நூல் என்றால் மூன்று நான்கு இழையைச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகில் இழுக்க வேண்டும். மெழுகு நூலை ஓட்டைக்குள் இறுக்கிப் பிடிக்கும். ஈரத்தையும் தடுக்கும்.

நூலின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி கோக்க வேண்டும். முனை மழுங்கிய ஊசியாக இருந்தால் நல்லது. முதல் ஓட்டையில் ஓர் ஊசியை விட்டு, இரண்டு பக்கமும் நூல் சமமாக இருக்கும்படி இழுக்க வேண்டும். இப்போது உறைக்கு முன்னால் ஓர் ஊசி, பின்னால் ஓர் ஊசி. அடுத்த ஓட்டையில் முன் ஊசி பின்னால் போகிறது. அதே ஓட்டையில் பின் ஊசி முன்னால் வருகிறது. இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். இப்படியே கடைசி வரை. ஓர் ஊசி போன நூலை இன்னோர் ஊசி குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? தையல் மெஷினில் தைத்தால் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றில் ஒன்று கொக்கி போட்டு நிற்கும். ஒரு நூல் அறுந்தால் இன்னொன்றுக்குப் பிடிப்பு இல்லை. வரிசையாகப் பிரியும். இரண்டு ஊசித் தையலில் ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டு நூல் தனித்தனியாக ஓடுகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சேணம் தைப்பவர்கள் குதிரையின் வாரை இப்படித்தான் தைத்தார்கள். வார் அறுந்தால் ஆள் விழுவார்.

வாய்ப்பக்கம் கத்தி அதிகமாக மோதும் இடம். அங்கே முதல் இரண்டு ஓட்டையில் மட்டும் இரண்டு சுற்றுத் தைப்பது நல்லது. கடைசியில் முனைக்கு வந்ததும் மூன்று ஓட்டை பின்னால் திரும்பித் தைத்து நூலை வெட்ட வேண்டும். முடிச்சுத் தேவை இல்லை. நைலான் நுனியை ஊதுபத்தியால் லேசாகச் சுட்டு ஒட்டிவிடலாம்.

மருமகளுக்கு இந்தத் தையல் ஒரு மாலை முழுவதும் பிடித்தது. முதல் பத்துத் தையல் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அதைப் பிரிக்க வேண்டியதில்லை. தையல் இறுக்கமாக இருந்தால் போதும்.

தண்ணீர், நிழல், எண்ணெய்

இப்போது உறை ஒரு தட்டைப் பையாக இருக்கிறது. கத்தி இறுக்கமாகப் போகும், அல்லது போகவே போகாது. உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது. தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும்.

கத்தி அலகில் எண்ணெய் தடவி, கூரின்மேல் அட்டைத் துண்டை மடித்து வைத்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஈரத் தோல் வெண்ணெய் மாதிரி. கூர் பட்டால் வெட்டுப்படும். சுற்றிய கத்தியை மெல்ல உள்ளே செலுத்தி, விரலாலும் கரண்டியின் முதுகாலும் வெளியிலிருந்து அழுத்த வேண்டும். பிடியைச் சுற்றி நன்றாக அழுத்த வேண்டும். தோல் கத்தியின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் சுற்றாமல் வைத்தால் என்ன ஆகும்? தோல் கறுத்துப்போகும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இந்த வழியில்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. பேனாவுக்கு நல்லது, கத்திக்கு நல்லதல்ல. கத்தியில் துரு ஏறும்.

சில மணி நேரம் கழித்துக் கத்தியை எடுத்துவிட்டு, உறையை நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாலும் அதே கதைதான். சமவெளியில் இரண்டு நாள் போதும். வட்டவடைக் குளிரில் நாலு நாள் ஆயிற்று.

காய்ந்த பிறகு ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வழவழப்பாகும். கடைசியாக விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். நிறைய ஊற்றினால் தோல் மறுபடியும் துவண்டுவிடும்.

பயன்படுத்தும்போது

கத்தியை எடுக்கும்போது இன்னொரு கை உறையின் மடிப்புப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். தையல் பக்கத்தைப் பிடிக்கக் கூடாது. கூர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உறைக்குள் போடும்போது கத்தியின் முதுகு மடிப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். நடுப்பட்டை இருக்கிறது என்பதற்காகக் கூரை அதன்மேல் இழுத்துக்கொண்டே இருந்தால் பட்டையும் ஒருநாள் தேயும். மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் உறைக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது.

ஈரக் கத்தியை உறைக்குள் போட வேண்டாம். சேலைத் தலைப்பிலாவது துடைத்துவிட்டுப் போட வேண்டும். இரவில் வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துத் தனியாக உயரத்தில் வைக்க வேண்டும். உறை வேலை நேரத்துக்கு. மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் துருதான் மிஞ்சும். உறையில் பூசணம் பூத்தால் துடைத்துவிட்டு, காற்றாட வைத்து, மீண்டும் கொஞ்சம் எண்ணெய் தொட்டால் சரியாகும்.

சட்டத்தில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் என்று செய்த கத்திகள் இதில் சேராது. ஆனால் முட்டைக்கோஸ் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு திருவிழாவுக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ போனால், அது தோட்ட வேலை என்று போலீஸ்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். பஸ்ஸில் போகும்போது உறையோடு பைக்குள், அடியில் வைப்பது நல்லது.

தையல் பிரித்த காயம் ஆறி, மாமியார் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே மருமகளுக்கு இரண்டு பேர் கத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்று நேரான கத்தி. அதற்கு இதே அச்சுப் போதும். இன்னொன்று புல் அறுக்கும் பண்ணரிவாள். பிறைபோல வளைந்தது. இதை மடித்துத் தைத்த உறைக்குள் செருகவே முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய ரப்பர் தண்ணீர்க் குழாயில் அரிவாளின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கிழித்தால், அது வளைந்த கூரின்மேல் கவ்விக்கொள்ளும். இரண்டு இடத்தில் கயிற்றால் கட்டிவிடலாம். தோலும் வேண்டாம், தையலும் வேண்டாம்.